பாட்டில்லாத ஏழு நாட்கள்

முன்னொரு காலத்தில், மழைக்குக் குறைவில்லாத ஒரு நாட்டை ஆண்ட அரசருக்குச் சாப்பாட்டின் நடுவே ஒரு சந்தேகம் வந்தது. "பாட்டும் கூத்தும் சித்திரமும் நம் நாட்டுக்கு என்ன செய்கின்றன?" என்று சோற்றில் கை வைத்தபடியே கேட்டார்.

விடை தேட அறிஞர்களை நியமித்தார்கள். அவர்களுக்குத் தலைவர் சிவக்கொழுந்து பண்டிதர். ஆறு மாதம் கழித்து மூன்று கட்டு ஓலையோடு சபைக்கு வந்தார்.

"அரசே, உழவு சோறு தருகிறது. நெசவு துணி தருகிறது. கலை ஒன்றும் தரவில்லை. பத்து நாட்கள் நிறுத்திப் பாருங்கள், நாடு நன்றாகவே நடக்கும்."

பண்டிதரின் மனக்குறை வேறு. விகடகவி மருதப்பனைக் கண்டாலே அரசர் சிரிப்பார். பண்டிதர் வாய் திறந்தால் கொட்டாவி விடுவார். கலை ஒழிந்தால் மருதப்பனுக்கு அரண்மனையில் என்ன வேலை? அரசர் பத்து நாள் தடைக்கு ஆணை எழுதிக் கையெழுத்திட்டார். அது போதாதென்று பண்டிதர், "ஆணையை நிறைவேற்றும் பொறுப்பை மருதப்பனுக்கே தரலாம்" என்றார். ஊரின் வசவெல்லாம் அவன் தலையில் விழட்டுமே!

மருதப்பன் கைகூப்பினான். "எப்படி நிறைவேற்ற வேண்டும், பண்டிதரே?"

"எழுத்துப் பிசகாமல்! 'எந்தக் கலையும், எவர் வீட்டிலும் கூடாது' என்றிருக்கிறது பார்."

"உத்தரவு" என்றான்.

அன்று மதியமே அரசியார் குழந்தையைத் தொட்டிலில் போட்டு, "ஆராரோ" என்று ஆரம்பித்தார். மருதப்பன் வந்து குனிந்து நின்றான். "மன்னிக்க வேண்டும் தாயே, அது பாட்டு." குழந்தை வீறிட்டது, பொழுது சாயும்வரை ஓயவில்லை. மறுநாள் அரண்மனை வாசல் கோலம் அழிந்தது. அரசரின் பூவேலைப் பட்டுக்குப் பதில் முரட்டு வெள்ளை வேட்டி வந்தது. அரசர் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டினார். ஆணையில் இருந்தது அவருடைய கையெழுத்தாயிற்றே!

வயலில் ஏற்றம் இறைப்பவர்கள் பாட்டை வைத்துத்தான் எத்தனை சால் தண்ணீர் இறைத்தோம் என்று எண்ணுவார்கள். பாட்டு நின்றதும் எண்ணிக்கை தப்பியது. ஒருவன் வயல் மூழ்கியது, அடுத்தவன் வயல் காய்ந்தது, இருவரும் மண்வெட்டியைத் தூக்கினார்கள்.

ஏழாம் நாள் காலையில் யானைப்பாகன் பொம்மன் இறந்துபோனான். சிறுவயதில் அரசரை முதன்முதலாக யானைமேல் ஏற்றியவன் அவன். அரசர் ஓடிப்போனார். சாவு வீட்டில் ஒரு சத்தமில்லை. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொம்மனின் மனைவி வீராயிக்குக் கண் வறண்டிருந்தது.

"என்னான்னு சொல்லி அழுவேன் சாமி? பாட்டா வந்தாத்தானே எனக்கு அழுகை வரும். வாயக் கட்டிப்புட்டாகளே."

கூட வந்திருந்த மருதப்பன் தலையைக் குனிந்துகொண்டான்.

"பாடம்மா" என்றார் அரசர்.

"ஆணை இருக்கே சாமி."

"நான் போட்டதுதானே? பாடு."

அவள் பாடினாள். பொம்மனின் நடை, அவன் குரலுக்கு மண்டியிடும் யானை, அவன் கடைசியாகக் கேட்ட கஞ்சி எல்லாம் ஒப்பாரியில் வந்தன. அரசர் மண்ணில் உட்கார்ந்து, அவர்களோடு அழுதார்.

அங்கிருந்து நேரே சபைக்கு வந்து ஆணையைக் கிழித்தார். பண்டிதர் விடவில்லை. "அரசே, தாலாட்டும் ஒப்பாரியும் கலையா? என் நூலைக் கேளுங்கள்!" என்று ஓலையைப் பிரித்து, செய்யுளை ராகம் போட்டு இழுத்தார்.

மருதப்பன் பாய்ந்து அவர் வாயைப் பொத்தினான். "எதுகை! மோனை! போதாததற்கு ராகம் வேறு! ஆறு மாதமாகக் கலையைப் பதுக்கி வைத்தவர் இவர்தான் அரசே!"

"ஏன் பண்டிதரே, இதை வசனமாக எழுதியிருக்கலாமே?" என்றார் அரசர்.

"வசனமாக எழுதினால் யார் மனதில் நிற்கும்? பாட்டாக இருந்தால்தானே..." என்று ஆரம்பித்த பண்டிதர் பாதியில் நின்றார். முகம் சிவந்தது.

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஏழு நாளில் அவர் சிரித்த முதல் சிரிப்பு அது. கழுத்து முத்துமாலையைக் கழற்றி மருதப்பனுக்குப் போட்டார். பண்டிதரைப் பார்த்து, "உங்கள் ஆராய்ச்சி இன்னும் முடியவில்லை. ஓலையை இங்கே வைத்துவிட்டு, காதை மட்டும் எடுத்துக்கொண்டு ஊருக்குள் போங்கள்" என்றார்.

பண்டிதர் வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்தார்.

"மருதப்பா, நீயும் கூட வாயேன். எனக்கு யார் வீடும் தெரியாது."