அம்பலவாணன் பெயர் வைத்த புரோகிராம்

ஓசூரில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி. அதன் மேனேஜர் அம்பலவாணன், கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள அந்தக் காலத்தில் ஒரு புரோகிராம் எழுதியிருந்தார். அது ஒரே ஒரு நிறுவனம் தயாரித்த மெஷினில்தான் ஓடும். அதில் ஒவ்வொரு வேலையையும் செய்கிற கட்டளைத் தொகுப்புகளான ஃபங்ஷன்களுக்கெல்லாம் மனிதர் தன் பெயரையே சூட்டியிருந்தார்: அம்பலவாணன்_அனுப்பு, அம்பலவாணன்_வாங்கு.

"யாருடைய மெஷினிலும் ஓடுகிற பொது ஃபங்ஷன்களுக்கு மாற்றுங்கள்" என்று முதலாளி உத்தரவு போட்டார். வேலை, புதிதாகச் சேர்ந்த செங்கமலத்தின் தலையில் விழுந்தது.

"பழைய ஃபங்ஷன் ஒண்ணுகூட மிஞ்சக்கூடாது. ஆனா என் பேரும் போகக்கூடாது. போச்சுன்னா உன் வேலையும் போச்சு!" என்றார் அம்பலவாணன்.

பொது ஃபங்ஷன்களுக்கு உலகம் முழுக்க ஒரே பெயர். அதில் இவரை எங்கே நுழைப்பது? செங்கமலம் கொஞ்சம் யோசித்தாள்.

"ஆகட்டும் சார். திரையிலேயே பெரிசா வர்ற மாதிரி வெச்சுடறேன்."

அம்பலவாணனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

சோதனை நாளன்று புரோகிராம் எல்லா மெஷினிலும் ஜோராக ஓடியது. "கனெக்‌ஷன் போனா என்ன ஆகும்?" என்று முதலாளி கேபிளைப் பிடுங்கினார். உடனே திரையில் கொட்டை எழுத்தில் வந்தது:

"அம்பலவாணன் வேலை செய்யவில்லை. அம்பலவாணனை மூடிவிட்டு மறுபடி திறக்கவும்."

முதலாளி எழுந்து அம்பலவாணனை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். "மூடறது சரி, எந்தப் பக்கம் திறக்கிறது?"

ஆபீஸே வெடித்துச் சிரித்தது.

"ஐயோ, முதல்ல அந்தப் பேரை எடும்மா!" என்று அலறினார் அம்பலவாணன்.

"எடுத்துடறேன் சார். பேர் போச்சுன்னா என் வேலை?"

"அது இருக்கட்டும், அது இருக்கட்டும்!"