மூன்றாவது அடி

"மேடம், இந்தப் பயம் எப்படிப் போகும்?"

இளம்பரிதி உட்காரக்கூட இல்லை. அணு உலைக் குழாய்களை நீர் எப்படி அரிக்கிறது என்று பதினான்கு வருஷமாக ஆராய்கிறவன். அவனை இந்தத் துறைக்குள் கொண்டுவந்த பேராசிரியர் அமலோற்பவம்தான் எதிரே இருந்தார்.

என்ன நடந்தது என்று கேட்டார்.

அவன் சொன்னான். அவன் பரிந்துரைத்த உலோகத்தில் பன்னிரண்டு துண்டுகளை ஒரு வருஷம் அழுத்தம் கூடிய வெந்நீரில் போட்டு வைத்திருந்தார்கள். பதினொன்று பழுதில்லாமல் வந்தன. முந்தாநாள் கடைசித் துண்டை நுண்ணோக்கியில் வைத்தான். உருக்கி ஒட்டிப் பற்றவைத்த இடத்திலிருந்து ஒரு விரிசல் கிளம்பி உள்ளே போயிருந்தது.

வெட்டும்போது விழுந்த கீறல் என்று ஒரு வரி எழுதிவிட்டால் யாரும் கேட்கப் போவதில்லை. உண்மையை எழுதினால் இதுவரை எழுதியதெல்லாம் தப்பு என்றாகும்.

"எதை நினைத்துப் பயப்படுகிறாய்?"

"பேர் கெட்டுப் போயிடும், மேடம்."

அமலோற்பவம் எழுந்து முன்னால் நடந்தார்.

சோதனைக்கூடத்தில் அதே உலோகத்தில் செய்த குழாய் சுவரோரமாக ஓடியது. உள்ளே பெரும் அழுத்தத்தில் முந்நூறு டிகிரி நீர். ஐந்து மாதமாக நிற்காமல் ஓடுகிறது. காலடியில் தரை அதிர்ந்தது.

அவர் குழாயில் ஒரு பற்றவைப்பைக் காட்டினார்.

"அதன் பக்கத்தில் போய் நில்."

இளம்பரிதி இரண்டடி வைத்தான்.

மூன்றாவது அடிக்குக் கால் எழவில்லை. பளபளவென்றிருந்த அந்தக் குழாயையே பார்த்தபடி நின்றான்.

பற்றவைப்பை ஒட்டி நின்று அளவுமானியைப் பார்த்துக் குறித்துக்கொண்டிருந்த சோதனைக்கூட ஊழியர் கனகசபை நிமிர்ந்தார். பகல் முழுக்க அவருக்கு அங்கேதான் வேலை.

"சும்மா வாங்க சார். முப்பது வருஷம் தாங்கும்னு நீங்கதானே எழுதிக் கொடுத்தீங்க."

இளம்பரிதி திரும்பிப் பார்த்தான். அமலோற்பவம் அவனைப் பார்க்கவில்லை. கனகசபையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, வெளியே வந்துடுங்க."

குரல் அவனுக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னான்.

கனகசபை ஒன்றும் புரியாமல் அவனைத் தாண்டி வெளியே போனார்.

குழாயின் ஓட்டத்தை நிறுத்தும் பொத்தான் அந்தப் பற்றவைப்புக்கு அப்பால், சுவரில் இருந்தது.

இளம்பரிதி நடந்தான்.