நாக்குக் கூசிய வழக்கு

அந்தத் தாலுகாவுக்கு வந்த முதல் பெண் மாஜிஸ்திரேட் வஞ்சுளவல்லி. வயது முப்பத்தெட்டு. அவரிடம் வேலை கற்றுக்கொள்ள மேலிடம் அனுப்பியிருந்த சபாநாயகத்துக்கு நாற்பத்தைந்து. குருவைவிடச் சீடருக்கு நரை அதிகம். இருவரும் மாவட்டக் கோர்ட்டில் ஒரே காலத்தில் வக்கீலாக இருந்தவர்கள். மாஜிஸ்திரேட் பரீட்சையில் அம்மாள் முதல் தடவையே தேறினார். சீடர் நான்காம் தடவை.

ஆனாலும் சீடருக்குப் பொறாமை கிடையாது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொள்வார். அம்மாள் தும்மினால்கூட நேரம் குறிப்பார்.

அந்தக் கோர்ட்டில் ஒரு விசித்திரம் நடந்துகொண்டிருந்தது. பொது இடத்தில் ஒருவரை ஆபாசமாகத் திட்டினால் குற்றம். ஆனால் என்ன வார்த்தை சொல்லித் திட்டினான் என்று சாட்சி சொல்ல வேண்டும். அது எழுத்தில் ஏற வேண்டும். இல்லாவிட்டால் வழக்கு நிற்காது. வஞ்சுளவல்லி வந்த நாளிலிருந்து அந்த வார்த்தையைச் சொல்ல ஆளில்லை.

"அசிங்கமாப் பேசினாருங்க."

"என்னன்னு?"

"பொம்பளைங்க முன்னாடி எப்படிங்க சொல்றது?"

இப்படியே மூன்று வழக்குகள் படுத்துவிட்டன. ஊரில் வாய்த்துடுக்குள்ளவர்களுக்கு நல்ல காலம் பிறந்தது. அம்மாளுக்கு மாற்றல் வருவதற்குள் திட்ட வேண்டியவர்களையெல்லாம் திட்டிவிட வேண்டும் என்று சிலர் அவசரப்பட்டதாகக்கூடக் கேள்வி.

நான்காவது வழக்கு மீன்காரி செங்கமலத்துடையது. சந்தையில் அவள் கூடை வைக்கும் இடத்தைச் சந்தைக் குத்தகைக்காரர் மருதையன் தன் மைத்துனிக்குக் கொடுக்க நினைத்தார். அதனால் தினமும் காலையில் வந்து அவளைத் திட்டினார். வாடிக்கைக்காரர்கள் காதைப் பொத்திக்கொண்டு வேறு கூடைக்குப் போனார்கள். இந்த வழக்கும் விழுந்தால் செங்கமலம் சந்தையை விட்டே போக வேண்டியதுதான்.

அன்று காலை மருதையனின் வக்கீல் கோதண்டபாணி கையில் ஒரு மனுவோடு எழுந்தார்.

"இந்த மாதிரி கேஸையெல்லாம் பக்கத்துத் தாலுகாவுக்கு மாத்தச் சொல்லி அம்மாவே மேலிடத்துக்கு எழுதணும்னு பணிவோட கேட்டுக்கறோம். அங்க ஐயா இருக்கார். அம்மா முன்னிலையில எங்களுக்கு நாக்குக் கூசுது. எல்லாம் அம்மா மேல இருக்கற மரியாதைதான்."

"மத்தியானம் சொல்றேன்," என்றார் வஞ்சுளவல்லி.

சாப்பாட்டு வேளையில் சபாநாயகம் கேட்டார்:

"மரியாதையாத்தானே கேக்கறாங்க? அனுப்பிட்டா என்னம்மா?"

"அடுத்த மாசம் புருஷன் பெண்டாட்டி சண்டைக்கும் கூசும்பாங்க. அப்புறம் அடிதடி கேஸ். கடைசியில சைக்கிள்ல விளக்கில்லாமப் போனவங்க மட்டும்தான் எனக்கு மிச்சம்."

"அது சரி..."

"செங்கமலம் இருபது மைல் பஸ்ல போனா அன்னிக்கு மீனை யார் விப்பாங்க? ரெண்டு வாய்தாவுல கேஸை விட்டுடுவா."

"யாரும் வாயைத் திறக்க மாட்டேங்கறாங்களே. நாம என்ன செய்யறது?"

"அந்த மூணு கேஸ் விழுந்ததுக்கு நானும்தான் காரணம். எனக்கும் கூச்சமா இருந்தது. இப்ப நினைச்சா வெக்கமா இருக்கு."

சபாநாயகம் நோட்டை எடுத்தார்.

"இதை எழுதாதீங்க," என்றார் அம்மாள்.

மத்தியானம் செங்கமலம் கூண்டில் ஏறினாள்.

"என்ன சொல்லித் திட்டினார்?"

"வாயால சொல்ல முடியாதுங்கம்மா. அதுவும் உங்க முன்னாடி..."

"சரி. நான் ஒண்ணொண்ணாச் சொல்றேன். அது இல்லைன்னா இல்லைன்னு சொல்லு."

பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடும் குரலில் அம்மாள் முதல் வார்த்தையைச் சொன்னார்.

அது என்ன வார்த்தை என்று இங்கே எழுத எனக்கும் கூசுகிறது. வாசகர்கள்மேல் எனக்கும் மரியாதை உண்டு.

கோர்ட்டில் மின்விசிறி மட்டும் சுற்றியது. ஏற்கெனவே மூச்சுச் சத்தம்கூட இல்லாத அறையைப் பார்த்து டவாலி, "சைலன்ஸ்" என்று கத்தினார்.

"எழுதுங்க," என்றார் அம்மாள், குமாஸ்தாவிடம்.

"எப்படிங்கம்மா எழுதறது?"

"காதுல விழுந்தபடி."

"அது இல்லீங்கம்மா," என்றாள் செங்கமலம், தரையைப் பார்த்துக்கொண்டு.

இரண்டாவது வார்த்தை. "அதுவும் இல்லீங்க."

மூன்றாவது. "அவரு சொன்னது அத்தனை மோசமில்லீங்கம்மா. கொஞ்சம் கொறச்சல்."

கோதண்டபாணி சட்டப் புத்தகத்தைத் திறந்து முகத்தை அதற்குள் வைத்துக்கொண்டார். நான்காவது போயிற்று. ஐந்தாவதும் போயிற்று. செங்கமலம் தலை நிமிர்ந்து, சந்தையில் விலை சொல்லும் குரலுக்கு வந்திருந்தாள்.

ஆறாவது வார்த்தையைக் கேட்டதும் எதிர்க் கூண்டில் நின்ற மருதையனுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"அம்மா, நான் அவ்வளவு கேவலமான ஆளில்லீங்க. நாலு புள்ளைங்களைப் பெத்தவன். அந்த மாதிரி வார்த்தையெல்லாம் என் வாயில வராது. நான் சொன்னது வெறும்..." என்று ஆரம்பித்தவர் முழுவதையும் சொல்லி முடித்தார். கணீரென்று, செங்கமலத்தின் தாயாரையும் சேர்த்து.

"அதேதானுங்கம்மா," என்றாள் செங்கமலம். "அன்னிக்கு எங்க அத்தையையும் சேத்துக்கிட்டாரு."

"எழுதியாச்சா?"

"ஆச்சுங்கம்மா," என்றார் குமாஸ்தா. அவருக்குச் சட்டை நனைந்திருந்தது.

வெள்ளிக்கிழமை தீர்ப்பு வந்தது. மருதையனுக்குப் பதினைந்து நாள் சிறை. கோதண்டபாணியின் மனு தள்ளுபடி. செங்கமலம் தீர்ப்பைக் கேட்டுவிட்டு, மீன் கெட்டுப்போகும் என்று சந்தைக்கு ஓடினாள்.

அன்று சாயங்காலம் அறையில் சபாநாயகத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"ஒரு சந்தேகம்மா. அதுல ரெண்டு வார்த்தை இந்த வயசுல நானே கேள்விப்பட்டதில்ல. நீங்க நல்ல குடும்பத்துல பொறந்தவங்க. கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கூடத்துல படிச்சவங்க. இதையெல்லாம் எங்க கத்துக்கிட்டீங்க?"

வஞ்சுளவல்லி கறுப்புக் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார்.

"மாவட்டக் கோர்ட்டு வராந்தாவுல. வக்கீலா பதினோரு வருஷம் அதுல நடந்திருக்கேன். நேர்ல பார்த்தா எல்லாரும் 'வாங்கம்மா'ன்னு வழி விடுவாங்க. நாலடி தாண்டினதும் முதுகுக்குப் பின்னால சொல்லுவாங்க."

சபாநாயகத்துக்கு நிஜமாகவே கோபம் வந்தது.

"அடப்பாவிகளா. யாரும்மா அது?"

"எல்லாரையும் தெரியாது. மூணாவது வார்த்தை நீங்க கத்துக்கொடுத்தது."