ஓட்டை அண்டாவும் பாதி விலை மந்திரி பதவியும்

முன்னொரு காலத்தில், இன்று எந்த வரைபடத்திலும் அகப்படாத மேலமங்கல நாட்டைக் குஞ்சிதபூபதி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் ஆடி பிறந்து கடைகளில் தள்ளுபடிப் பலகை ஏறிவிட்டால் மனிதருக்கு இருப்புக்கொள்ளாது. போன ஆடியில், பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று பாதிப் படகு வாங்கி வந்தார்.

இதைக் கவனித்த அரண்மனைச் சரக்கறை அதிகாரி சங்கநிதியார் ராஜாங்கக் கடை ஒன்றைத் திறந்தார். எனக்கு அந்த ஆளின் பெயரைச் சொல்லவே எரிச்சல். வாசலில் ஒரு பலகை: ‘விற்ற பொருள் திரும்ப வாங்கப்பட மாட்டாது.’ கீழே ராஜமுத்திரை. படகின் மறுபாதியை இலவசமாகத் தருவதாகச் சொல்லி வாங்கிய முத்திரை அது.

அந்தக் கடையில்தான் அம்மன் கோயில் தெருச் செங்கமலம் ஓர் அண்டா வாங்கினாள். ஆடி வெள்ளியில் கூழ் ஊற்றத் தெருவே சேர்ந்து போட்ட காசு. அடுப்பில் ஏற்றியதும் அண்டாவின் அடியில் ஒட்டியிருந்த தள்ளுபடிச் சீட்டு கருகியது. சீட்டுக்குப் பின்னால் அடைத்திருந்த அரக்கு உருகியது. அரக்குக்குப் பின்னால் இருந்த ஓட்டை வழியே கூழ் மொத்தமும் இறங்கி அடுப்பை அணைத்தது. கடைக்கு ஓடினாள். சங்கநிதியார் பலகையைக் காட்டினார். தெருவில் உள்ளவர்களோ, ஓட்டை அண்டாவை வாங்கிவிட்டு மிச்சக் காசை முடிந்துகொண்டாள் என்று பேச ஆரம்பித்தார்கள்.

அழுதபடி சபைக்கு வந்தாள். “மகாராசா, கூழு போனாப் போகட்டும், அடுத்த வெள்ளி வருது. என்னைத் திருடின்னு சொல்றாங்களே, அதைத்தான் தாங்க முடியல.”

“பலகையில் நம் முத்திரை இருக்கிறதே அம்மா” என்றார் ராஜா.

“அந்த ஓட்டைக்கு நான் தனியாகக் காசே வாங்கவில்லை மன்னா. இலவசம்!” என்றார் சங்கநிதியார்.

ராஜா மெச்சித் தலையாட்டினார். மந்திரி வில்லியப்பர் மட்டும் அந்தப் பலகையின் வாசகத்தை ஓலையில் குறித்துக்கொண்டார். தம் பதவியின்மேல் சங்கநிதியாருக்கு வெகுநாளாக ஒரு கண் என்பது அவருக்குத் தெரியும்.

மறுநாள் ராஜாங்கக் கடைக்கு எதிரே மந்திரியும் பந்தல் போட்டார். பலகையில் இப்படி எழுதினார்: ‘மந்திரி பதவி. ஆடித் தள்ளுபடியில் பாதி விலை. விற்ற பொருள் திரும்ப வாங்கப்பட மாட்டாது.’ முத்திரை கேட்டுப் போனபோது ராஜா துள்ளினார்.

“பாதி விலைக்கா! நாமே வாங்கிக்கொள்ளட்டுமா?”

“தாங்கள் ராஜாவாயிற்றே.”

“அது முழு விலை ஐயா!”

ஒருவழியாக அவரைச் சமாதானப்படுத்தி முத்திரை வாங்குவதற்குள் மந்திரிக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

சங்கநிதியார் மூச்சிரைக்க ஓடி வந்தார். “இதில் குறை ஏதும் உண்டா?”

“இப்படி யாராவது கேட்டால் உங்கள் கடையில் என்ன சொல்வீர்கள்?”

“கேள்வி கேட்டு நின்றால் அடுத்தவர் தூக்கிக்கொண்டு போய்விடுவார் என்போம்.”

“நானும் அதையேதான் சொல்கிறேன்.”

அவ்வளவுதான், காசை வீசிவிட்டு மந்திரியின் முத்திரை மோதிரத்தை வாங்கி மாட்டிக்கொண்டார் சங்கநிதியார்.

மறுநாள் விடியுமுன் புது மந்திரியை அழைக்க அரண்மனையிலிருந்து ஆள் வந்தது. ராஜா தினமும் குளத்தில் கழுத்தளவு தண்ணீரில் நின்று பாட்டுச் சாதகம் செய்வார். எதிரே அதே ஆழத்தில் நின்று, பாட்டின் ஒவ்வொரு அடிக்கும் “ஆஹா” சொல்வது மந்திரியின் கடமை. ராஜாவின் குரல் எழும்பியதும் மீன்களெல்லாம் எதிர்க்கரைக்குப் போய்விட்டன. சங்கநிதியார் எங்கே போவார்? ஆஹா, ஆஹா, அச்சு! என்று உச்சிவேளை வரை நின்றார். மறுநாளும் நின்றார். அதற்கு அடுத்த நாள் கம்பளி போர்த்திக்கொண்டு சபைக்கு வந்து விழுந்தார்.

“மன்னா! இந்தப் பதவியை இவர் திரும்ப எடுத்துக்கொள்ளட்டும்!”

“பலகை” என்றார் வில்லியப்பர்.

“பதவியில் என்ன குறை?” என்றார் ராஜா.

சங்கநிதியார் கம்பளியை இழுத்துவிட்டுக்கொண்டார். “தண்ணீர்... குளிர்கிறது மன்னா.”

“வெந்நீர் ஊற்றச் சொல்கிறோம். இனி மாலையிலும் பாடுவோம்!”

சங்கநிதியார் வெடித்துவிட்டார். “குறையைச் சொல்லித்தான் விற்க வேண்டும்! மறைத்து விற்றால் காசைத் திருப்பித் தர வேண்டும்! எந்தப் பலகையும், எந்த முத்திரையும் அதைத் தடுக்கக் கூடாது!”

“ஆகட்டும். அண்டாவுக்கும் இதே நியாயம்தானே?” என்றார் வில்லியப்பர்.

வாயைப் பொத்திக்கொண்டார் சங்கநிதியார். ராஜா விடவில்லை. “அதிருக்கட்டும். வில்லியப்பர் எந்தக் குறையை மறைத்தார்?”

“தங்கள்... பாட்டை, மன்னா.”

சபை முழுவதும் கூரையைப் பார்த்தது. ராஜாவின் முகம் சுருங்கிப்போனது. பாவம், அவருக்கு உண்மையிலேயே வலித்தது. ஓட்டை அண்டாவோடு சபையோரம் நின்றிருந்தவளிடம் திரும்பினார். “செங்கமலம், நீ சொல்லம்மா. அவ்வளவு மோசமா?”

“தெருவுல ஒரு நாயும் தங்குறதில்ல மகாராசா. ஆனா களவு போற பயமும் இல்ல.”

ராஜா சட்டென்று விழுந்து விழுந்து சிரித்தார். ராஜாங்கக் கடைக்குப் போய்ப் பலகையைத் தானே பிடுங்கினார். பதவி வில்லியப்பருக்கே திரும்பியது. “அம்மா பேரில் பழி இல்லை, ஓட்டை கடையுடையது” என்று தெருத்தெருவாகப் பறையறைந்து சொல்லச் சொன்னார். செங்கமலம் கடையிலிருந்த அத்தனை அண்டாவிலும் தண்ணீர் ஊற்றிப் பார்த்து, ஒழுகாத ஒன்றை எடுத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை கூழ் ஊற்றும் வேலையைச் சங்கநிதியாருக்குக் கொடுத்தார் ராஜா.

வெள்ளியன்று தெருவே திரண்டது. செங்கமலத்தைப் பழித்த வாய்களெல்லாம் அவள் அண்டாக் கூழுக்கே வரிசையில் நின்றன. அப்போது ராஜா கோயில் வாசலில் ஏறி நின்று தொண்டையைச் செருமினார்.

“மக்களே! நம் பாட்டில் சுருதி இருக்காது. தாளம் வரும், போகும். முடிவு எப்போது என்று நமக்கே தெரியாது. குறையைச் சொல்லிவிட்டோம். விருப்பமுள்ளவர்கள் நிற்கலாம்.”

அடுத்த நொடி, கையில் கூழோடு தெருவே காலியானது. கரண்டி பிடித்திருந்த சங்கநிதியார் மட்டும் அங்கேயே நின்று “ஆஹா” என்றார்.