ஜெபமணி அண்ணாச்சியின் நாலு லட்சம் குருவிகள்

ஒரு மனிதர் ஒரே காலையில் நாலு லட்சம் குருவிகளை எண்ணி முடித்தார் என்றால் நீங்கள் நம்புவீர்களா? நம்ப வேண்டாம். உங்களுக்கு அந்த வசதி இருக்கிறது. பவளக்கொடிக்கு இல்லை. அவள் நம்பித்தான் ஆக வேண்டும், அதுவும் பத்துப் பேர் முன்னால், எலுமிச்சைச் சோற்றுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு. அதுதான் அநியாயம்.

ஐப்பசி பிறந்து வடக்கேயிருந்து குருவிகள் வந்து இறங்கும் சமயத்தில், உடன்குடிப் பக்கத்துத் தேரிக்காட்டில் கணக்கெடுப்பு நடக்கும். செம்மணல் மேடு, பனை, முந்திரி, உடைமரம். வலசை வரும் குருவிக்கு வேறென்ன வேண்டும். எண்ணுகிறவர்கள் இரண்டிரண்டு பேராகப் போய்விட்டு, மதியம் பள்ளிக்கூட வகுப்பறையில் கூடுவார்கள். வளர்மதி டீச்சர் ஒவ்வொரு ஜோடியாகக் கேட்டுக் கரும்பலகையில் எழுதுவார். சட்டம் ஒன்றே ஒன்று. ஒருவர் சொல்வதை மற்றவர் ஆமாம் என்று ஒத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அந்த ஜோடியின் மொத்தக் கணக்கையும் டஸ்டர் தின்றுவிடும்.

பவளக்கொடிக்கு அந்த டஸ்டரோடு பழைய பகை. போன வருஷம் அவள் ஆறுமணிக்குருவியைப் பார்த்தாள். பச்சை முதுகு, கண்ணுக்கு மை தீட்டிய மாதிரி கறுப்புப் பட்டை, வயிற்றடியில் குங்குமச் சிவப்பு. கூட வந்தவள் காலில் தைத்த முள்ளைப் பிடுங்கிவிட்டு நிமிர்வதற்குள் அது போய்விட்டது. சாட்சி இல்லை, ஆகவே குருவியும் இல்லை. யாரோ ஒருத்தி அது கோழியாக இருக்கும் என்று சொல்லப்போக, ஹாஸ்டலில் வருஷம் முழுக்க முட்டை போடுகிற நாளெல்லாம் அவள் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள்.

இந்த வருஷமும் பார்த்தாள். அதே உடைமரப் புதர், அதே சிவப்பு. ஆனால் கூட வந்தவர் தூத்துக்குடியில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும் ஜெபமணி அண்ணாச்சி. வந்ததும் பனை நிழலில் துண்டை விரித்தவர், கிளம்பும்வரை எழுந்திருக்கவில்லை. திரும்பும் வழியில், அந்தக் குருவியைப் பார்த்தீர்களா என்று கெஞ்சாத குறையாகக் கேட்டாள். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்: "ஒத்தைக் குருவியெல்லாம் நான் எண்ணுறதில்ல தாயி."

இப்போது டீச்சர் அவர்கள் ஜோடியைக் கூப்பிட்டதும், பவளக்கொடி வாயைத் திறக்குமுன் அண்ணாச்சி எழுந்து நின்றுவிட்டார். தகைவிலான் குருவி ஒரு லட்சம் என்று தொடங்கினார். அத்தனையும் ஒரே மின்கம்பியில் உட்கார்ந்ததாம். பாரம் தாங்காமல் கம்பி தரைவரைக்கும் தொய்ந்து, லைன்மேன் வந்து காலில் விழாத குறையாம். அண்ணாச்சி ஒரு பனைமட்டையால் கம்பியை முட்டுக்கொடுத்து நிறுத்திக்கொண்டே எண்ணினாராம்.

எண்ணின குருவி பறந்து மறுபடி கூட்டத்தில் கலந்தால் எப்படித் தெரியும் என்று பவளக்கொடி கேட்டாள். இது கணக்கெடுப்பில் முதல் பாடம். நல்லவர்கள்கூட இங்கேதான் சறுக்குவார்கள். அண்ணாச்சி சறுக்கவில்லை. வெற்றிலைச் சுண்ணாம்பை விரலில் தொட்டு, எண்ணின ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஒரு பொட்டு வைத்தாராம். சுண்ணாம்பு டப்பா தீர்ந்த பிறகு, எண்ணினவை வலது பக்கம் எண்ணாதவை இடது பக்கம் என்று வரிசையில் நிற்கச் சொல்லிவிட்டாராம். அவை சைபீரியாவிலிருந்து வந்தவையாயிற்றே, தமிழ் எப்படிப் புரியும் என்று பின்பெஞ்சிலிருந்து காயல்பட்டினத்து முகைதீன் கேட்டான். வருஷா வருஷம் வருகிறவைக்கு இந்த அளவுகூடத் தெரியாதா என்று அண்ணாச்சி அவனைப் பரிதாபமாகப் பார்த்தார்.

அடுத்தது சோளப்பட்சி, மூன்று லட்சம். கூட்டம் எழும்பினபோது சூரியனே தெரியவில்லை. உடன்குடிக் கோழியெல்லாம் காலை எட்டு மணிக்கு அடைந்துவிட்டது, திருச்செந்தூர் பஸ் லைட்டைப் போட்டுக்கொண்டு போனது. முகைதீனுக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணாச்சி, எட்டு மணிக்கு நான் அடுத்த மேட்டுலதான் நின்னேன். வெயில் மண்டையப் பொளந்துச்சு."

"உமக்குக் குளிருமேன்னு நான்தான் வே ஒரு நாலு குருவிய நகந்து நிக்கச் சொன்னேன்."

வகுப்பறை சிரித்தது. பவளக்கொடி சிரிக்கவில்லை. நொடிக்கு ஒன்றாக எண்ணினாலும் நாலு லட்சத்துக்கு ஐந்து நாள் ஆகுமே என்று கணக்குப் போட்டுக் காட்டினாள். அது ஒரு கண்ணால் எண்ணுகிறவர்கள் கணக்கு என்றார் அவர். நாலு லட்சம் என்று அடித்துப் பேசுகிற ஆளைப் பத்துப் பேர் கைகட்டிக் கேட்பார்கள்; ஒன்று என்று உண்மை சொல்கிற பெண்ணிடம் மட்டும் சாட்சி கேட்பார்கள். எந்த ஊர் நியாயம் இது?

டீச்சர் நாலு லட்சத்தைப் போர்டில் எழுதிவிட்டு டஸ்டரைக் கையில் எடுத்தார். "என்ன பவளம், ஒத்துக்கிடுதியா?"

இல்லை என்றால் ஆறுமணிக்குருவியும் சேர்ந்து போகும். ஆமாம் என்றால் இனி கண்ணாடியில் முகம் பார்க்க முடியாது. பவளக்கொடி தட்டைக் கீழே வைத்தாள்.

"ஆமா டீச்சர். எல்லாம் உண்மை. ஆனா அண்ணாச்சி கடைசி விஷயத்தச் சொல்லாம விட்டுட்டாங்க. இவங்க எண்ணி முடிச்சதும் அந்த நாலு லட்சமும் எங்க பனைமரத்துல வந்து உக்காந்து, எங்கள எண்ண ஆரம்பிச்சுது. என்னைப் பாத்து, ஆள் ஒண்ணுன்னுச்சு. கீழ துண்டுல கெடந்த அண்ணாச்சியச் சுத்திச் சுத்திப் பாத்துது. பனங்கட்டை ஒண்ணுன்னு முடிச்சிட்டு, பறந்து போயிட்டு."

டீச்சர் அண்ணாச்சி பக்கம் திரும்பி, நீங்கள் ஒத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார். இல்லை என்றால் அவருடைய ஒரே சாட்சி பொய்க்காரி. ஆமாம் என்றால் அவர் கட்டை. அண்ணாச்சியின் முகம் சிவந்தது.

"கட்டையா? கட்டை குறட்டை விடுமா? நான் விட்ட குறட்டையில பனையில இருந்த நுங்கெல்லாம் உதிந்துச்சு. அந்தப் பக்கம் மணப்பாட்டுல, கடல் பொங்குதுன்னு மீன் புடிக்கிறவங்க வள்ளத்த மேல இழுத்துப் போட்டாங்க. காட்டுல ஒரு குருவி நிக்கல, அத்தனையும் இலங்கைக்குப் போயிட்டு. ஒரே ஒரு ஆறுமணிக்குருவி மட்டும் பயப்படாம என் கால்மாட்டுல வந்து சருகக் கிண்டுச்சு. மூக்குல ஒரு உடைமுள்ளு மாட்டிக்கிட்டு. தலைய ரெண்டு தரம் உதறிக் கழத்திட்டு, எம்மூஞ்சியப் பாத்துட்டுப் போச்சு. அதையும் ஒரு கண்ணத் தொறந்து பாத்துக்கிட்டுத்தான் கெடந்தேன். என்னையப் போயி கட்டைங்கியே."

மூக்கில் முள்ளோடுதான் பவளக்கொடியும் அதைப் பார்த்திருந்தாள். அந்த உடைமுள்ளை அவள் யாரிடமும் சொல்லவில்லை. "ஆமா டீச்சர், நானும் பாத்தேன்" என்றாள்.

தூங்கினதை அண்ணாச்சியே சொல்லிவிட்டதால், டீச்சர் நாலு லட்சத்தை நிதானமாக அழித்தார். அதே இடத்தில் எழுதினார்: ஆறுமணிக்குருவி, ஒன்று. தூங்கினவர் கண்ணில் தகைவிலான் மட்டும் எப்படிப் பொய், ஆறுமணிக்குருவி மட்டும் எப்படி மெய் என்று கேட்க அதில் நல்ல இடம் இருந்தது. வேறு யாருடைய குருவியாக இருந்தாலும் பவளக்கொடி சாயங்காலம்வரை விட்டிருக்க மாட்டாள். இன்றைக்கு வாயை மூடிக்கொண்டாள்.

அண்ணாச்சி போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஒன்று அவர் கண்ணை உறுத்தியது.

"ஒண்ணுன்னா டீச்சர், அதுக்குப் பின்னாலயே அதோட சொக்காரங்க சொந்தபந்தம்னு ஒரு நாலாயிரம்..."

மிச்சத்துக்காக அவர் வாய் திறந்தபடியே இருந்தது. பவளக்கொடி தன் தட்டிலிருந்த அப்பளத்தை முழுசாக எடுத்து அதில் வைத்து அடைத்தாள்.