வாளியில் வந்த பொருள்

கீழமங்கலம் நகராட்சித் தலைவர் தண்டபாணி வாயைத் திறந்தால் விதிதான். ஆபீஸ் பெருக்கும் பூரணத்தாய் விடவில்லை. மூன்றாவது தடவையாகக் கேட்டாள்.

"எங்க தெருச் சாக்கடை வீட்டுக்குள்ள வருதுங்கய்யா. வாய்க்கால் கட்டித் தாங்க."

"இந்தாம்மா, அதைக் கூட்டத்துல பொருளா வைக்கணும். வச்சாத்தான் பேசுவோம். வச்ச பொருளை முடிவெடுக்காம எடுக்கவும் கூடாது. விதி!"

"பொருளை வச்சாப் போதுமாய்யா?"

"போதும்."

அடுத்த கூட்டத்தில் மேசை நடுவே ஒரு வாளியை வைத்து மூடியைத் திறந்தாள். உள்ளே அவள் தெருச் சாக்கடை.

"ஐயோ, எடு அதை!" என்று அலறினார் தலைவர்.

"பொருளை வச்சிட்டேன்யா. முடிவெடுக்காம எப்படி எடுக்கிறது?"

கவுன்சிலர்கள் ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மறு கையால் மேசையைத் தட்டினார்கள். வாய்க்கால் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.