கடல் அட்டை தேடும் சிப்பி

அந்தக் காலத்தில், கடலடியில் இருந்த எல்லாருக்கும் பேச்சு இருந்தபோது, அங்கே நாள் கிழமை யாருக்கும் தெரியாது. வெயில் எட்டாத ஆழத்தில் பொழுதை எதைக் கொண்டு அறிவது? மேலிருந்து தூசியாக விழுந்து படிகிற மண்தான் அவர்களுக்குப் பஞ்சாங்கம். யாராவது வாக்குக் கொடுத்தால் தரையில் ஒரு வெள்ளைச் சிப்பியை வைப்பார்கள். அதன்மேல் இத்தனை மண் படிந்தால் கெடு முடிந்தது என்று பேசிக்கொள்வார்கள். சிப்பியை எடுத்துவிட்டால், வாக்கே வேண்டாம் என்று அர்த்தம்.

கடல் அட்டைக்கு ஆமை என்றால் உயிர். கூடப் பிறக்காத தங்கை. அவளுக்கு முட்டையிடும் காலம் வந்தது. கருங்கல் ஒன்றின் அருகே சிப்பியை வைத்தாள்.

“அண்ணே, கரைக்குப் போயி முட்டை இட்டுட்டு, குஞ்சுங்க நீந்தப் பழகுனதும் வந்துடுறேன். இதுமேல ஒரு நகக்கனம் மண்ணு விழட்டும், வந்து நிப்பேன்.”

“போயிட்டு வா தாயி. நான் எங்க போயிடப் போறேன்?”

சொன்னதென்னவோ பெரிய மனிதன் மாதிரிதான். ஆனால் அட்டைக்குப் பொறுமை ஏது? தூங்கி எழும்போதெல்லாம் ஒரு மீன்முள்ளை வாயால் கவ்வி, சிப்பிமேல் படிந்த மண்ணில் ஊன்றி அளந்தது. முள்நுனிகூட மறையவில்லை.

“முறைச்சுப் பாத்தா மண்ணு வேகமா விழுந்துருமாக்கும்?” என்று சிரித்தது பக்கத்து நண்டு.

தனிமை தாங்காமல் அட்டை ஒருநாள் அந்தக் காரியத்தைச் செய்தது. சுற்றியிருந்த மண்ணை உடம்பால் தள்ளி வந்து சிப்பியின்மேல் குவித்தது. “கெடு முடிஞ்சுது, இனி தங்கச்சி வந்தாகணும்” என்று மேலே பார்த்தது. யாரும் வரவில்லை. இன்னும் குவித்தது. கலக்கிய கலக்கலில் சிப்பி எங்கேயோ புரண்டு புதைந்துபோயிற்று.

அட்டைக்கு உயிரே போய்விட்டது. கையில்லாத பிறவி, வாயால்தான் தேட வேண்டும். மண்ணை வாய்நிறைய அள்ளி விழுங்கியது, சலித்துப் பார்த்துப் பின்னால் தள்ளியது. இப்படியே காலம் போயிற்று.

ஆமை சொன்ன கெடுவுக்குச் சரியாக வந்தாள். கருங்கல்லைச் சுற்றிக் கிளறினாள். சிப்பி இல்லை. தண்ணீர் குழம்பிக் கிடந்ததில், நாலு முழம் தள்ளிக் கிடந்த அண்ணனும் கண்ணில் படவில்லை.

“அண்ணே, சிப்பிய நீதான் எடுத்தியா? நான் வேணாமா உனக்கு?”

அட்டைக்கு நன்றாகவே கேட்டது. ஆனால் வாய் நிறைய மண். துப்பிவிட்டு “இல்லம்மா” என்று சொல்வதற்குள் அவள் அழுதுகொண்டே மேலே போய்விட்டாள். சும்மா இருந்திருந்தால் போதுமே என்று நினைத்து நினைத்து மருகியது அட்டை. மருகி என்ன செய்ய?

அன்றிலிருந்துதான் ஆமை அந்த ஆழத்துக்கு இறங்குவதே இல்லை. கடல் அட்டையும் பேச்சை விட்டுவிட்டு, அடிமண்ணை வாய்நிறைய அள்ளி, சலித்து, பின்னால் தள்ளிக்கொண்டு, அந்த ஒரு சிப்பியை இன்றும் தேடுகிறது.